பூனை படுத்த கட்டில்

பூனை என்பது பஸ் கண்டக்டர்கள் அவருக்கு வைத்த பட்டம். வேலையில் இருந்த காலமெல்லாம் அவர் டிக்கெட் பரிசோதகர். மற்ற பரிசோதகர்கள் நிறுத்தத்தில் நின்று கையைக் காட்டி, ஊரைக் கூட்டிக்கொண்டு ஏறுவார்கள். இவர் அப்படியில்லை. சாயம் போன சட்டை, கக்கத்தில் ஒரு குடை, எங்கேயோ துக்கம் விசாரிக்கப் போகிறவரின் முகம். பின்படி வழியாக ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்த மறுநிமிஷம் தூங்கிவிடுவார். சும்மா கண்ணை மூடுகிற தூக்கம் இல்லை. வாய் லேசாகத் திறந்து, தலை பக்கத்து ஆள் தோளில் சரிந்து, பார்க்கிறவர்களுக்கே கொட்டாவி வரும். அந்தத் தூக்கத்தில் எத்தனை கண்டக்டர்களின் குட்டு வெளிப்பட்டது என்று அவருக்கே கணக்குத் தெரியாது.

ஓய்வு பெற்றுவிட்டார், புத்தி பெறவில்லை. சலூனில் கண்ணை மூடிக்கொண்டு, கத்தரியைக் கழுவுகிறார்களா என்று காதால் கேட்பார். காய்கறிக் கடையில் முன்னால் அடுக்கியிருப்பதைத் தொடவே மாட்டார், பின்னால் போய்ச் சாக்கைப் பிரிப்பார். கல்யாண வீட்டுக்குக்கூடச் சமையல்கட்டு வழியாகத்தான் நுழைவார். முன்வாசல் என்பது ஆட்களை ஏமாற்றக் கட்டுவது, நிஜமெல்லாம் பின்வாசலில் இருக்கிறது என்பது அவருடைய கொள்கை. “இவரோட ஒரு இடத்துக்குப் போய் மானத்தோட திரும்பினதா சரித்திரமே இல்ல” என்பாள் அவர் மனைவி. அவளுக்குச் சொல்ல உரிமை உண்டு. அவளே அவரிடம் டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டவள்தான்.

அவளுடைய அண்ணன் கண்டக்டர். பட்டம் விசில், வீட்டில் தண்ணீர் கேட்பதற்குக்கூட விசில்தான். ஒருநாள் அண்ணன் வண்டிதானே என்று தங்கை ஏறி ஜம்மென்று ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கடைசி சீட்டில் தூக்கம் கலைந்தது. “என் தங்கச்சி சார்” என்று விசில் கெஞ்சினார். “தங்கச்சின்னா டிக்கெட் கிழிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா?” என்று கேட்டுவிட்டு, பூனை அவளுக்கு அபராதம் போட்டு நடுவழியில் இறக்கியும் விட்டார். அதோடு நின்றிருந்தால் அவர் வெறும் கிராதகன். பஸ் கிளம்புவதற்குள் தானும் குதித்து இறங்கி, வெயிலுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு அவளை வீடுவரை கொண்டுவந்து விட்டார். சில மாதம் கழித்துப் பெண் கேட்டு வந்தார், பின்வாசல் வழியாக.

விசில் தங்கையைக் கொடுத்தார். ஆனால் கோபத்தைக் கொடுக்கவில்லை, பத்திரமாகத் தானே வைத்துக்கொண்டார். “இருடா மாப்ளே, என்னைக்காவது ஒருநாள் உன்னை வசமா மாட்டி விடறேன்” என்பது அவருடைய வாடிக்கையான மிரட்டல். அதைக் கேட்டுக்கேட்டே இருவருக்கும் தலை நரைத்தது. தன் மனைவி காலமானபிறகு விசில் தங்கை வீட்டு முன்னறைக்கே குடிவந்துவிட்டார். அப்புறம் கேட்க வேண்டுமா, காலையில் பேப்பரை யார் முதலில் பிரிப்பது என்பதிலிருந்து வம்புதான்.

அந்த விசிலுக்குத்தான் வயிற்றில் கட்டி வந்தது. ஆஸ்பத்திரி தாழ்வாரத்தில் டாக்டர் பூனையையும் அவர் மனைவியையும் தனியாகக் கூப்பிட்டு, இனி வைத்தியம் என்று ஒன்றுமில்லை, இருக்கும்வரை வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம், அதற்கென்றே இல்லங்கள் இருக்கின்றன என்று சொன்னார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்து, “அண்ணன்கிட்ட யாரும் மூச்சு விடக்கூடாது. அல்சர்னு சொல்லிடலாம். அவரு தாங்க மாட்டாரு” என்றாள்.

அன்றிலிருந்து வீட்டில் அல்சர் நாடகம். வலி வந்தால் விசில் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பார். தங்கை வாயில் புடவையை அடைத்துக்கொண்டு சமையல்கட்டில் அழுவாள். வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாது என்று அவளுக்கே தெரிந்தபிறகு பூனைக்கு உத்தரவு வந்தது. நல்ல இடமாகப் பார்க்க வேண்டும். அண்ணனை மனுஷனாக நடத்த வேண்டும். முக்கியமாக, அங்கே எவரும் அவரிடம் உண்மையை உளறக் கூடாது.

“அல்சருக்கு ஓய்வு இல்லமா? ஜோரா இருக்கே” என்றார் விசில். “நல்லா சோதிச்சுப் பாரு மாப்ளே. நீதான் யாரையும் பாஸ் போடாத ஆளாச்சே.”

முதல் இல்லத்தில் வாசலில் செயற்கை நீரூற்று. பூனைக்கு அப்போதே மூக்கில் வேர்த்தது. பின்பக்கமாகப் போய் ஒரு பெஞ்சில் தூங்கினார். இரண்டு பணிப்பெண்கள் ஒரு பெரியவருக்குப் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டே, அவருக்கு மேலாகத் தங்கள் மாமியார்களைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு மனுஷன் கிடக்கிறானே என்ற நினைப்பே இல்லை. ஃபெயில். இரண்டாவது இல்லத்தில் அழைப்பு மணிகளெல்லாம் நோயாளியின் கைக்கு எட்டாத உயரத்தில் அழகாக மாட்டப்பட்டிருந்தன. யார் தூக்கத்துக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று அப்படி மாட்டினார்கள் என்பது அவருக்குப் புரிந்தது. அதுவும் ஃபெயில்.

மூன்றாவது இல்லத்துக்குப் போவதற்கு முந்தின வாரம் விசில் முடிவெட்டிக்கொள்வதாக ஆட்டோவில் போனார். முடி வெட்டாமலே வந்தார். சலூன் பூட்டிக் கிடந்ததாம். இந்த உடம்போடு என்ன ஊர்சுற்றல் என்று தங்கையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, “அந்த மூணாவது இடத்துக்கு என்னைக்குப் போறே?” என்று சும்மா கேட்டு வைத்தார். பூனையும் சும்மா சொல்லி வைத்தார்.

சொன்ன நாளில், துணி காயப்போட்டிருந்த கொல்லைப்பக்கமாக நுழைந்து, நடைபாதையில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். வாய் திறந்தது. தலை சரிந்தது. காலடிச் சத்தம் கேட்டது.

“இவருதான்” என்றது ஒரு பெண் குரல், மிக மெதுவாக. “எழுப்ப வேணாம். கட்டிலைத் தயார் பண்ணு.”

வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டார்கள், நல்லதாகப் போயிற்று என்று பூனைக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. நோயாளியாகவே உள்ளே போகிற வாய்ப்பு எந்தப் பரிசோதகருக்குக் கிடைக்கும்? அப்படியே சக்கர நாற்காலிக்கு மாறினார், கட்டிலுக்கு மாறினார். ஆனாலும் மனசாட்சி ஒன்று இருக்கிறதே. அதற்காக ஒரு தடவை கண்ணைத் திறந்து, “அம்மா, நான் நோயாளி இல்ல. என் மச்சானுக்காக இடம் பாக்க வந்திருக்கேன்” என்று சொல்லிப் பார்த்தார்.

தலைமை நர்ஸ் சிரித்தமுகமாகப் போர்வையை இழுத்துவிட்டாள். “சரிங்கய்யா. அப்படியே வச்சுக்கலாம். இன்னைக்கு ஒரு பகல் சும்மா இருந்து பாருங்க. ஊசி மருந்தெல்லாம் எதுவும் இல்ல.”

சொல்லியாயிற்று, இனி பாவம் அவர் தலையில் இல்லை. சோதனை ஆரம்பமானது. காலையில் வந்த பணிப்பெண்ணிடம் இடது முட்டி வலிக்கிறது என்றார். அவள் போய் அடுத்தவள் வந்ததும் வலது முட்டி என்றார். இவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறார்களா என்று பார்க்கும் தந்திரம் அது. அவள் எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டு, “காலையில இடதுன்னீங்களாம், இப்ப வலதுங்கிறீங்க. ரெண்டுக்கும் தடவிடட்டுமா, இல்ல நடுவுல தடவட்டுமா?” என்று கேட்டாள். வாழ்நாளில் முதல்முறையாகப் பூனை கையும் களவுமாகப் பிடிபட்டது. திருதிருவென்று முழித்தார். அவள் பாட்டுக்கு இரண்டையும் தேய்த்துவிட்டாள். சுகமாகத்தான் இருந்தது.

மதியம் முகம் மழித்துவிட வந்தவளும், “இப்ப கன்னத்தைத் தொடறேன், சோப்பு குளிரும்” என்று சொல்லிவிட்டுத்தான் தொட்டாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு தையல்காரர். நினைவு தப்பி நாளாகிவிட்டது. பூனை தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு அதே பெண் அவரிடம் போனாள். “ஐயா, இப்ப உங்களை வலதுபக்கம் திருப்பப் போறேன். அந்தப் பக்கந்தான் ஜன்னல். வெளியில யாரோ உங்க சட்டை மாதிரியே நீலச் சட்டை போட்டுட்டுப் போறாங்க, ஆனா தையல் சுமார்தான்” என்றாள். பதில் சொல்ல முடியாத ஆளிடம், பார்க்கிறவர் யாரும் இல்லாதபோது. பூனை இமைக்குள்ளிருந்து அதைப் பார்த்தார். கடைசி சீட்டில் அவர் காத்துக்கிடந்ததெல்லாம் தப்பைப் பிடிக்கத்தான். நல்லதைப் பிடித்தால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

ஆனால் பெரிய சோதனை பாக்கி. தலைமை நர்ஸ் வந்ததும் குரலை இறக்கிக் கேட்டார். “வீட்டுல எனக்கு அல்சர்னு சொல்றாங்கம்மா. நிஜமாவே அல்சர்தானா? நான் பொழச்சுப்பேன்ல?”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எங்கேயும் ஓடவில்லை, பேச்சையும் மாற்றவில்லை. “உங்களுக்கு என்ன தோணுதுய்யா?”

“என்னைக் கேட்டா? நீங்கதானே சொல்லணும். அல்சர்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”

“நாங்களா வந்து எதையும் சொல்ல மாட்டோம்” என்றாள் அவள். “ஆனா நீங்க கேட்டா பொய் சொல்லவும் மாட்டோம். இது அல்சர் இல்லய்யா. குணமாகாது. ஆனா வலியோட விட மாட்டோம். தனியாவும் விட மாட்டோம்.” அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மனைவியின் சட்டப்படி இல்லம் ஃபெயில். பூனையோ கேவிக்கேவி அழ ஆரம்பித்துவிட்டார். நடிப்பு என்றுதான் தொடங்கினார். எங்கே முடிந்து எங்கே நிஜம் ஏறிக்கொண்டது என்று அவருக்கே பிடிபடவில்லை. தாழ்வாரத்தில் டாக்டர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் மற்ற எல்லோரும் அழுதாயிற்று, அவர் மட்டும் பாக்கி. “எனக்கு இல்லம்மா, என் மச்சானுக்கு. சத்தியமா என் மச்சானுக்கு” என்று அழுதார்.

“உங்க மச்சான் இதையும் சொன்னாருய்யா” என்றாள் நர்ஸ்.

அழுகை அப்படியே நின்றது. “எந்த மச்சான்?”

“போன வாரம் ஆட்டோவுல வந்தாரே. கழுத்துல விசில் மாட்டிட்டு. ‘என் மாப்ளைக்கு வயித்துல கட்டி, டாக்டர் கைவிட்டுட்டாரு. அவனுக்கு விஷயம் தெரியாது, அல்சர்னு சொல்லி வச்சிருக்கோம். கொல்லை வழியா வருவான், தூங்குற மாதிரி நடிப்பான், கேட்டா மச்சானுக்கு இடம் பாக்க வந்தேன்னு கதை விடுவான். நம்பாதீங்க. ஒரு பகல் படுக்க வச்சு நல்லா கவனிங்க’ன்னாரு. வயித்தைப் பிடிச்சுட்டே சிரிச்சாரு…” சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். சிரிப்பு மெல்ல மறைந்தது. “ஐயா, அப்ப அவருக்கா?”

பூனை தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது விசில் முன்னறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தங்கை அவருக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். பளபளவென்று மழித்த முகமும் எண்ணெய் வாசனையுமாக வந்த மாப்பிள்ளையைப் பார்த்ததும் விசிலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் வலிக்கும், ஆனாலும் சிரித்தார்.

“என்ன மாப்ளே, நல்லா கவனிச்சாங்களா?”

“அடப்பாவி மச்சான்!”

“என் வண்டியில என் தங்கச்சியைப் பிடிச்சியே. எத்தனை வருஷமா காத்துட்டு இருந்தேன் தெரியுமா?”

“என்ன நடக்குது இங்க?” என்றாள் தங்கை. இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். பார்த்தபடியே அவளுக்குப் புரிந்துவிட்டது. “அண்ணே… உனக்குத் தெரியுமா?”

“நான் கண்டக்டர்மா. இறங்குற இடம் எனக்குத் தெரியாதா? நீ சமையல்கட்டுல அழுறது முன்னறை வரைக்கும் கேக்குது. அல்சருக்கு எந்தத் தங்கச்சி இப்படி அழுவா?”

அவள் அவர் முழங்காலில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு அதே முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, இத்தனை நாள் புடவையில் அடைத்து வைத்ததையெல்லாம் சத்தம்போட்டு அழுது தீர்த்தாள். விசில் அவள் தலையைத் தடவிக்கொண்டே மாப்பிள்ளையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இப்போது கேலி இல்லை.

“நான் போய்ப் பார்த்தா சுத்திக் காட்டுவாங்க மாப்ளே, அவ்வளவுதான். படுத்துப் பார்த்தாத்தானே தெரியும்? உள்ள வரைக்கும் போனேன், கட்டிலையும் பார்த்தேன். படுக்கப் பயமா இருந்துச்சு. அதான் உன்னை அனுப்பினேன்.”

பூனை பக்கத்தில் உட்கார்ந்தார்.

“சொல்லு. பாஸா, ஃபெயிலா?”

“ஜன்னலோரக் கட்டில் சொல்லி வச்சுட்டு வந்திருக்கேன்” என்றார். “கேட்டா உண்மையைச் சொல்லுவாங்க, அது ஒண்ணுதான் உன் தங்கச்சிக்கு ஆகாது. தலையணை கெட்டி. நம்ம வீட்டுதை எடுத்துட்டுப் போயிடலாம். மத்தபடி பாஸ்.”

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து யாரும் கேட்டதில்லை. விசில் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார்.

தங்கை நிமிர்ந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “ஏங்க, நானும் அங்க அண்ணன்கூடத் தங்கலாமா? கேட்டீங்களா?” என்றாள்.

பூனை விழித்தார். முட்டியைச் சோதித்திருந்தார், தலையணையைச் சோதித்திருந்தார், பக்கத்துக் கட்டிலைக்கூடச் சோதித்திருந்தார். இவள் எங்கே படுப்பாள் என்று மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

“போய்யா பெரிய செக்கரு” என்றார் விசில், கண்ணைத் திறக்காமலே.

பூனை எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். திரும்பவும் அந்த இல்லத்துக்கு நடந்தார். கொல்லைப்பக்கம் போகும் சந்து வந்தது, அதைத் தாண்டிப் போனார். முன்வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மணியை அடித்துவிட்டுக் காத்து நின்றார்.