ஏழு சொற்களுக்கு ஒரு நீலம்

ஒரு கண் வைத்தியசாலையின் இணையத்தளத்துக்கு மெனு செய்துகொண்டிருந்தேன். வெள்ளவத்தையில் எங்கள் அலுவலகம் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கிறது. ஏழு இணைப்புகள், ஏழுக்கும் ஒரே அகலம். பின்னணியில் இடப்பக்கம் கடும் நீலம், போகப்போக வெளிறி, வலது ஓரத்தில் ஏறக்குறைய வெள்ளை. ஆங்கிலத்தில் மிக அழகாக இருந்தது. சிங்களத்திலும் ஒருவாறு அடங்கியது. தமிழுக்கு மாற்றியதும் 'எங்களைத் தொடர்புகொள்ள' பெட்டியை விட்டு வெளியே வந்து நின்றது.

"தமிழ் எழுத்தை மட்டும் கொஞ்சம் சின்னனாக்கி விடுங்கோ," என்றார் மேலாளர். நானும் ஆக்கினேன்.

பக்கத்து மேசையில், கிராண்ட்பாஸிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் பெண். சேர்ந்து நாலு மாதம்தான்; அதிகம் கதைக்கமாட்டாள். திரையை எட்டிப் பார்த்தாள்.

"கண் காட்ட வாற ஆக்கள் அக்கா. இத எப்பிடி வாசிக்கிற?"

எனக்கு முகம் சுருங்கிப்போனது. "அப்ப என்ன செய்யிறது?" என்றேன், சற்றுக் கடுமையாகவே.

"நீங்க இங்கிலீஷ வச்சு அளந்திருக்கீங்க. தமிழ வச்சு அளந்தா மத்த ரெண்டும் தானா அடங்கும்."

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். நான் எழுதியிருந்த அகலங்களை அழித்தாள். சொல்லின் நீளத்துக்கேற்பப் பெட்டி தானாக விரியும் 'ஃபிளெக்ஸ்' என்ற முறையில் அடுக்கி, இடைவெளியை மட்டும் சமமாக வைத்தாள். இடம் போதாவிட்டால் கடைசிச் சொல் ஒழுங்காக அடுத்த வரிக்கு இறங்கியது. எழுத்து பழைய அளவுக்கே வந்தது.

பிறகு நிறம். வலது ஓரத்து வெளிறலில் வெள்ளை எழுத்துகள் கரைந்துபோயிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. அவள் நீலத்தை அழிக்கவில்லை. இரண்டு கடும் நீலங்களை எடுத்து, அவை மேலிருந்து கீழாக மாறும்படி திருப்பிவிட்டாள். அவ்வளவுதான். ஏழு சொற்களுக்கும் ஒரே பின்னணி கிடைத்தது.

எட்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன். வீட்டிலும் தெருவிலும் தமிழ்தான் கதைக்கிறேன். ஆனாலும் ஒருநாள்கூடத் தமிழில் தொடங்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

மேலாளர் வந்து பார்த்தார். "நல்லாயிருக்கு. ஆர் செய்தது?"

"இவ செய்தவ," என்றேன்.

அவள் அதற்குள் தன் மேசைக்குப் போய்விட்டிருந்தாள். "அக்காட டிசைன்தான் சேர். நான் திருப்பி மட்டும் விட்ட," என்றாள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அன்று பின்னேரம், முன்பு செய்து முடித்த மூன்று தளங்களைத் திறந்து, தமிழ்ப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன்.