இது கோயில் மாத்திரை இல்லை

மாதத்தில் மூன்று நாள் நான் ஆளாகவே இருக்க மாட்டேன். சுங்கை காடுட் தொழிற்சாலையில் மயங்கி விழுந்திருக்கிறேன், ஃபேக்டரி பஸ்ஸில் வாந்தி எடுத்திருக்கிறேன். பதினான்கு வருடமாக அம்மாவிடமிருந்து கிடைத்தது ஒரே பதில்தான். "பொம்பளைன்னா அப்படித்தான் லா. நாங்க எல்லாம் ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டப் போவலையா?" எரிச்சலாக வரும். ஆனால் சண்டை போடத் தெம்பு இருக்காது.

போன வருடம் சூப்பர்வைசர், மருத்துவ விடுப்புக்கு இன்னொரு எம்சி கொண்டு வந்தால் வேலைக்கு உத்தரவாதம் இல்லை என்றார். அந்தப் பயத்தில்தான் சிரம்பான் மருத்துவமனைக்குப் போனேன். கருப்பையின் உள்சவ்வைப் போன்ற ஒன்று எனக்குக் கருப்பைக்கு வெளியே, சூலகத்தில் வளர்கிறதாம். எண்டோமெட்ரியோசிஸ். அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. ஆனால் என் வலிக்கு ஒரு பெயர் உண்டு என்று கேட்டதும் அங்கேயே அழுதுவிட்டேன்.

தினமும் ஒரு ஹார்மோன் மாத்திரை. எழுதித் தருவதற்கு முன் டாக்டர் குடைந்து குடைந்து கேட்டார்: காலில் ரத்தம் உறைந்ததுண்டா, கல்லீரல் கோளாறு உண்டா, கர்ப்பமா, வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறாயா. ஒரே நேரத்தில், விடாமல் சாப்பிட வேண்டும். முதல் சில மாதம் அவ்வப்போது ரத்தம் படலாம், பயந்து நீயாக நிறுத்தாதே. கால் வீங்கி வலித்தாலும் மனம் ரொம்பச் சோர்ந்தாலும் உடனே வா என்றார்.

அவர் சொன்னபடியே ரத்தம் பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தேன். நான்காவது மாதம் ஒரு நாள்கூட எம்சி எடுக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? பஸ்ஸில் சும்மாவே சிரித்துக்கொண்டு வந்தேன்.

அதற்குள் தோட்டத்துக் கோயில் திருவிழா வந்தது. பால்குடம் எடுக்கும் பெண்கள் மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை போடுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். கோயில் மாத்திரை என்றே அதற்குப் பெயர். ஒரு காலையில் என் மருந்து டப்பாவைத் திறந்தேன். கடைசி அட்டையைக் காணோம்.

"பக்கத்து வூட்டு அத்தைக்குக் குடுத்தேன்," என்றார் அம்மா. "ஒனக்குத்தான் அதப் போட்டு நின்னுபோச்சே. அவளுக்கும் நிக்கட்டும்னு."

அந்த அட்டை போனால் என் மருந்து பாதியில் நின்றுவிடும். அதைவிடப் பெரிய பயம், அத்தை காலில் ரத்தம் உறைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர். வெறுங்காலோடு ஓடினேன்.

அத்தை வீட்டில் ஐந்து பெண்கள் பூக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அத்தை, மாத்திரைய முழுங்கிட்டீங்களா?"

"இன்னும் இல்லம்மா. பசியாறிட்டுப் போடலாம்னு வெச்சிருக்கேன்."

மூச்சு வந்தது. "போடாதீங்க. இது கோயில் மாத்திரை இல்ல. எனக்கு ஒரு நோய் இருக்கு, அதுக்கான மருந்து. ஒங்க காலுக்கு ஆவாது. எந்த மாத்திரையா இருந்தாலும் டாக்டரக் கேட்டுட்டுப் போடுங்க."

பூக்கட்டிய கைகள் நின்றன. என்ன நோய் என்று ஒருத்தி கேட்டாள். இத்தனை காலம் மூடி மறைத்ததை அங்கே நின்று முழுதாகச் சொன்னேன், எங்கே வலிக்கும், எப்படி வலிக்கும் என்பது வரை. கொஞ்சமும் வெட்கமாக இல்லை. அத்தை எழுந்து வந்து அட்டையை என் கையில் வைத்தார். ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை. திரும்பினால் வாசலில் அம்மா, என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டபடி நின்றிருந்தார்.

அந்த வருடம் நான் பால்குடம் எடுத்தேன். நிமிர்ந்து நடந்தேன்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு நான் கூப்பிடாமலேயே அம்மாவும் கிளம்பினார். அன்று வேறொரு டாக்டர். இப்போது வலி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவ்வளவு பெருமையாக இருந்தது. முன்பு எத்தனை வருடம் இருந்தது என்று கோப்பைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னார்: "பதினாலு வருசம் டாக்டர். அவ சொல்லிக்கிட்டேதான் இருந்தா. நான்தான் நம்பல."