லீவு லெட்டரில் எழுதிய பேய்

தேனியை அடுத்த ஒரு நூல் மில்லில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். ஒரு பகல் ஷிப்டில், பக்கத்து மெஷினில் நின்றவளின் சடையை பெல்ட் இழுத்தது. சுவிட்சை அணைக்க ஓடினேன். நான் போவதற்குள் தலைத்தோல் போய்விட்டது. அவள் பிழைத்தாள். காயம் கண்ணுக்குத் தெரிந்ததால் அவளுக்கு நஷ்ட ஈடும் கிடைத்தது.

எனக்கு வெளியே தெரிகிற காயம் எதுவும் இல்லை. ஆனால் மிக்ஸி ஓடினால் மூத்திரம் போய்விடும். பஸ்ஸில் முன்சீட்டில் சடை தொங்கினால் வாந்தி வரும்.

என் கை நடுங்கியதால் லீவு லெட்டரை வீட்டுக்காரர்தான் எழுதினார். அப்போது அவர் தங்கைக்கு ஜெயமங்கலத்தில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மனசு சரியில்லனு எழுதுனா மில்லுல பேச்சு பரவி, மாப்பிள்ளை வீட்டுல மென்டல் குடும்பம்னு போயிருவாக. பேய்னு எழுதுனா ஒண்ணும் சொல்லமாட்டாக. பேய் யாருக்குத்தான் புடிக்கல?"

ஓடைப் பக்கம் போனபோது காத்துக் கருப்பு அடித்துவிட்டதாக எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டது நான். அந்த அசிங்கத்தில் எனக்கும் பங்கு உண்டு.

மில்லில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்த மெஷின் முன்னால் பூசணிக்காய் உடைத்து, குங்குமத்தைத் தடவி, விபத்துக்கு மறுநாளே ஓட்டினார்கள். பெல்ட்டுக்கு மூடி மட்டும் போடவில்லை.

நடுக்கம் நிற்கவில்லை. பெரியாஸ்பத்திரி டாக்டர் விசாரித்துவிட்டு, அன்று பார்த்ததால் வந்த நோய் என்று எழுதிக் கொடுத்தார். அதை வைத்து லேபர் ஆபீசில் நஷ்ட ஈடு கேட்டேன். கிடைத்தால் வைத்தியம் பார்க்கலாம். இல்லையென்றால் திரும்ப அதே மெஷின் பக்கத்தில் போய் நிற்க வேண்டும்.

விசாரணை நாளில் மில் வக்கீல் அந்த லீவு லெட்டரை எடுத்து நீட்டினார்.

"பேய் புடிச்சது ஓடையிலனு நீங்களே எழுதியிருக்கீக. ஓடை எங்க மில்லுக்குள்ளயா ஓடுது?"

ஆபீசர் சிரித்தார். குமாஸ்தாவும் சிரித்தார்.

"பேய் ஓடையில இருந்துச்சுன்னா மெஷின் முன்னால எதுக்கு சார் பூசணிக்காய் உடைச்சீக?" என்றேன்.

"அது வெள்ளிக்கிழமை பூசைம்மா."

பூசணிக்காய் உடைத்த அன்று செவ்வாய்க்கிழமை. சொன்னேன். யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

லெட்டரை எழுதியது அவர்தான் என்று நான் சொன்னதும், ஆபீசர் கூட வந்திருந்த என் வீட்டுக்காரரிடம் திரும்பினார். "இத எழுதுனது நீங்கதான? உண்மையா, பொய்யா?"

பொய் என்று அவர் சொன்னால் போதும். தங்கை கல்யாணமும் முடிந்துவிட்டது. ஆனால் அவள் மாமனார் அதே ஆபீஸ் வாசலில் வேறு வேலையாக நின்றுகொண்டிருந்தார். இவர் ஒரு தடவை வாசலைப் பார்த்தார்.

"பேய்தான் சார்."

மனு தள்ளுபடி. வெளியே வந்து வீட்டுக்காரர் செருப்பைத் தேடும்போது, "நல்லாருக்கியா ஆத்தா, பேய் போயிருச்சா?" என்று அந்த மாமனார் அக்கறையாகக் கேட்டார்.

"போகல மாமா. அந்தா, செருப்பு மாட்டிக்கிட்டு நிக்கிது" என்றேன்.

பஸ் ஸ்டாண்டில் வீட்டுக்காரர் மல்லிகைப்பூ வாங்கி நீட்டினார். வாங்கவில்லை. மேல்முறையீட்டுக்கு நானே எழுதினேன். கை நடுங்கி எழுத்து கோணலாகத்தான் வந்தது. ஓடையில் எதையும் பார்க்கவில்லை, பார்த்ததெல்லாம் மில்லுக்குள்தான், லீவு லெட்டர் பொய், எழுதியவர் என் புருஷன் என்று எழுதினேன். மென்டல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.