கொடகவெலயில் ஒரு கெவுடாக் கல்

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்குக் கொழும்பில் ஏறிய பஸ் இரத்தினபுரிக்கு வந்து சேர்ந்தபோது பத்தைத் தாண்டிவிட்டது. நூறு கிலோமீட்டர் தூரம், மூன்றரை மணி நேரம், வழி முழுக்க மழை. அங்கே மழையை யாரும் கண்டுகொள்வதில்லை. நான் மட்டும்தான் குடையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நான் வந்தது கல் வாங்க. மோதிரத்தில் வைக்கிற கல் அல்ல, நீலக்கல்லும் மாணிக்கமும் சேர்ந்த குருந்த இனத்தில் யாரும் விலை கேட்காத மங்கிய கற்கள். பக்கத்து இருக்கைக்காரர் இதைக் கேட்டுச் சிரித்தே விட்டார். “எல்லாரும் நல்ல கல்லத் தேடி வருவாங்க. நீங்க கழிச்ச கல்லக் கேட்டு வந்திருக்கீங்களே!”

அவரிடம் சொல்ல முடியாததை வாசகர்களுக்குச் சொல்கிறேன். வெளிநாட்டிலுள்ள எங்கள் ஆய்வகத்தில் ஒரு படிகத்துக்குள் கதிரியக்க அணுக்களைச் செலுத்துவோம். அவை சிதையும்போது எலக்ட்ரான்கள் வெளியே பாயும். எதிரே கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய சிலிக்கன் சில்லு ஒன்று, நூற்றுக்கணக்கான கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுக் காத்திருக்கும். எந்தக் கட்டத்தில் எத்தனை எலக்ட்ரான் விழுந்தது என்று எண்ணினால், அந்த அந்நிய அணு படிகத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இதுவரை செயற்கைப் படிகங்களில்தான் செய்தோம். இம்முறை மண்ணிலிருந்து வந்த கல்லில் செய்து பார்க்க ஆசை.

இரத்தினபுரியில் வேறு பஸ் மாறி, பெல்மதுளைச் சந்தியில் இறங்கித் த்ரீவீல் பிடித்தேன். கொடகவெலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு இரண்டாயிரம் ரூபாய். வழியில் றப்பர் மரங்கள். வண்டி நகர நகர மரவரிசைகளுக்கு நடுவே சந்துகள் திறந்து திறந்து மூடின. என் வேலையும் இதுதான். தோட்டத்துக்குள்ளிருந்து ஒருவன் கல்லெறிகிறான் என்று வையுங்கள். மரத்தோடு ஒட்டி நிற்கிறானா, இடைவெளியில் நிற்கிறானா என்பதைக் கற்கள் வெளியே விழும் திசைகளை வைத்தே சொல்லிவிடலாம்.

என் சக ஊழியரின் சித்தி மகன் செல்வம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் காத்திருந்தார். தோட்டத்தில் பேர் பதிந்த தொழிலாளி; ஓய்வு நாட்களில் மாணிக்கக் குழியில் இறங்குகிறவர். அவர் மனைவி ராஜேஸ்வரி கொழுந்து பறிப்பவர். எனக்காகச் சேர்த்து வைத்திருந்த கழிவுக் கற்களை ஒரு பால்மா டின்னிலிருந்து கொட்டினார்கள். பதினொன்றைத் தேர்ந்தெடுத்தேன். தேநீர் குடித்து முடித்ததும் செல்வம் சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்தார்.

“இது வேற சேர். குழியில எங்க பங்குக்கு வந்தது.”

பால் கலங்கியது போன்ற கல், பட்டாணி அளவு. கெவுடா என்கிறார்கள். சூளையில் சுட்டால் சிலது நல்ல நீலமாகும், சிலது வெடித்துப் போகும், சிலது இப்படியே இருக்கும். பெல்மதுளையில் கல் வாங்கி விற்கும் முதலாளி ஒருவர் இருக்கிறபடியே வாங்கிக்கொள்கிறேன் என்று மறுநாள் பகல்வரை தவணை சொல்லியிருந்தார். அவர்களுக்கு வீடு கட்டக் கிடைத்த ஏழு பேர்ச் அளவுள்ள சிறு காணியில் சுவர் எழும்பி நிற்கிறது, கூரை இல்லை. முதலாளி தரும் காசு தகரத்துக்குச் சரியாக இருக்கும். சுட்டு நீலமானால் ஓடு, கதவு, கிணறு எல்லாம். வெடித்தால் ஒன்றுமில்லை, மழையில் சுவர் கரையும்.

“உங்க மெசின்ல வச்சா நீலம் ஆகுமான்னு தெரிஞ்சிருமாங்க?” என்று ராஜேஸ்வரி கேட்டார்.

“இல்லைங்க. நாங்க உள்ள போட்ட அணுவைத்தான் அது கண்டுபிடிக்கும். தானா இருக்கிறதை இல்ல.”

“அப்ப நீங்களே ஒளிச்சு வச்சி, நீங்களே தேடுறீங்களா?”

எங்கள் துறையை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மூவரும் சிரித்தோம். செல்வம் மட்டும் சீக்கிரம் நிறுத்திவிட்டார்.

“மெசின் கெடக்கட்டும் சேர். படிச்சவங்க நீங்க, பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லுங்க.”

டோர்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே எண்ணெய் படர்ந்தது போல ஒரு மினுக்கம். இங்கே அதை ‘டீசல்’ என்பார்கள்; சுட்டால் நீலமாகும் கல்லுக்கு அதுதான் அடையாளம் என்பார்கள். மினுக்கம் ஊசிபோன்ற நுண்ணிய படிகங்களால் வருவது, சூட்டில் ஊசி கரைந்து அதிலுள்ள டைட்டேனியம் கல்லிலுள்ள இரும்போடு சேர்ந்தால் நீலம் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். நீலமாகும் என்றுதான் எனக்குப் பட்டது. ஆனால் பட்டதையெல்லாம் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. வெடித்துவிட்டால் என்ற பயமும் இருந்தது.

“தெரியாதுங்க” என்றேன்.

அன்றிரவு அவர்களோடே தங்கினேன். புதன் காலை ஒன்பது மணிக்கு ராஜேஸ்வரி முடிவைச் சொன்னார். “இவருக்கே தெரியலன்னா நாம எதுக்கு நெருப்புல போடணும்? குடுத்துருவோம்.” செல்வம் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பெல்மதுளைக்குப் பஸ் ஏறினார். மத்தியானம் காசோடு திரும்பினார். நான் என் பதினொரு கற்களோடு இரத்தினபுரி விடுதிக்கு வந்து, ஏற்றுமதிப் பத்திரங்களுக்காக இரண்டு நாள் அலைந்தேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கொழும்பு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது செல்வம் கைப்பேசியில் அழைத்தார்.

“அந்தக் கல்லு சுட்டு நல்ல நீலமா வந்துருச்சாம் சேர். முதலாளியே சொன்னாரு.”

வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன்.

“அவ ஒன்னும் வருத்தப்படல. நமக்கு வச்சது அவ்வளவுதான்னு சொல்றா. தெரிஞ்சிருந்தா சேர் நம்மகிட்ட மறைச்சிருக்க மாட்டாருன்னு சொல்றா.”

பஸ் புறப்பட்டது. தகரம் வாங்கியாயிற்றா என்று கேட்டேன். நாளைக்குக் கூரையில் ஏற்றுகிறோம் என்றார். கல்லைப் பார்த்தபோது நான் நினைத்தது என்ன என்பதை அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.