உப்பில்லாப் பத்தியம்

என் மனைவி தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். தொண்ணூறுகளின் நடுவில் அவள் விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. முடக்குவாதம் என்றார்கள். காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தாள். விரல் போனால் வேலையும் போகும். ஸ்டீராய்டு தொடங்கலாம் என்றார் டாக்டர். அந்த மாத்திரை தன் பெரியம்மாவை என்ன பாடு படுத்தியது என்று பார்த்தவள் அவள். முடியாது என்று எழுந்து வந்துவிட்டாள்.

அப்படித்தான் தி. நகரில் ஒரு சித்த வைத்தியரிடம் போனோம். நாடி பார்த்தார், ரத்தப் பரிசோதனை முடிவையும் வாங்கிப் படித்தார். எனக்கு அது பிடித்திருந்தது. தன் பக்கத்தை மட்டுமே புகழ்கிறவர்களை நம்பாதே என்பது பத்திரிகை வேலை எனக்குக் கற்றுத் தந்த பாடம்.

"இங்கிலீஷ் மருந்து நமக்கு மச்சான் மாதிரி சார். சண்டை போட்டுக்கினாலும் உறவு வுட்டுப் போவாது. ரெண்டும் சேர்ந்தாத்தான் வியாதி அடங்கும்."

"ஸ்டீராய்டு மட்டும் வேணாம்" என்றாள் மனைவி. "அதுக்கு பயந்துதான் உங்ககிட்ட வந்திருக்கேன்."

"அந்தச் சனியன் எதுக்கும்மா? நம்மகிட்ட சூரணம் கீது."

சாம்பல் நிறச் சூரணம். சாப்பிட்ட பிறகு தேனில் குழைத்து எடுக்க வேண்டும். ஒரு வேளைகூட விடக்கூடாது. நிறுத்துவதானால் அவரே படிப்படியாகக் குறைப்பார். புளியும் கத்திரிக்காயும் ஆகாது. உப்பு கூடவே கூடாது.

சில நாட்களில் விரல்கள் மடங்கின. மறுபடி டைப் அடித்தாள். உப்பில்லாத மோர்சாதத்தைப் பிசைந்தபடி, "ஆஸ்பத்திரி சாப்பாடு இதுக்கு விருந்து" என்பாள். ஆனால் ஒரு நாளும் பத்தியத்தை மீறவில்லை. மயிலாப்பூரில் ஒரு கல்யாணத்தில் என் அத்தை அவள் முகவாயைப் பிடித்து, "கன்னம் வச்சிருக்கேடி! இவன் நன்னா கவனிச்சுக்கறான் போலிருக்கே" என்றாள். நானும் பெருமையாகச் சிரித்தேன்.

பிறகு, லேசாக இடித்துக்கொண்டாலே தோல் கன்றிப் போனது. படியேற முடியவில்லை. அடையாறில் வேறொரு டாக்டரிடம் போனோம். சூரணத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் அவளுடைய உருண்ட முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உப்பைக் குறைக்கச் சொன்னாரா? திடீர்னு நிறுத்தக் கூடாதுன்னாரா?"

"ஆமா, அது பத்தியம்."

"ஸ்டீராய்டு கொடுத்தா நானும் இதைத்தாம்மா சொல்வேன்."

சூரணத்தைச் சோதனைக்கு அனுப்பினார். அதில் இருந்தது, அவள் வேண்டாம் என்ற அதே மருந்து.

இரண்டு மருத்துவமும் சேர வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

மறுபடி தி. நகர் போய்க் கேட்டபோது வைத்தியர் மறுக்கவில்லை. "வலி போச்சா இல்லியா? ரெண்டும் சேரணும்னு மொதல் நாளே சொன்னேனே."

"நான் வேணாம்னு சொன்னதும் மொதல் நாள்தான்" என்றாள்.

"சொல்லிட்டுக் குடுத்தா நீ துன்னுருப்பியாம்மா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

உடனே நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து என்றார் அடையாறு டாக்டர். அதனால் அதே மருந்தை மாத்திரையாக எழுதிக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். குறையக் குறைய விரல்கள் மறுபடி வீங்கின. டைப்ரைட்டரை விட்டு, தபால் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

முதல் மாத்திரையை விழுங்கும் முன் உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். வெள்ளையாக, சின்னதாக இருந்தது.

"இதுதானா?" என்று கேட்டாள்.