குந்திக்கினு இருந்த பஸ்

என் தம்பி ஒரு பஸ் வாங்கினான். ஊரில் பைக் வாங்குவார்கள், கார் வாங்குவார்கள், மிஞ்சிப்போனால் மாடு வாங்குவார்கள். இவன் பஸ் வாங்கினான். அதுவும் ஓடாத பஸ். திருக்கழுக்குன்றத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற காலி மனையில் அதைக் கிரேன் வைத்து இறக்கியபோது, பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல வாயைப் பிளந்துகொண்டு நின்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே நாலு சாத்து சாத்தியிருப்பேன். அக்காவாகவே இருந்தாலும், தலை நரைத்தவனை அடிக்க முடியுமா?

காரணம் எனக்குத் தெரியாமலில்லை. செங்கல்பட்டிலிருந்து கல்பாக்கம் பக்கம் ஆபீஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு போன பழைய ஸ்டாஃப் பஸ் அது. இரும்புப் பட்டைக்குப் பதிலாக ரப்பர் காற்றுப் பைகளின் மேல் உட்கார்ந்து போகிற வண்டி. பள்ளத்தில் இறங்கினாலும் மடியில் இருக்கிற டிபன் பாக்ஸ் ஆடாது என்று அதற்கு அப்போதே பேர். அந்தக் காலத்தில் அதை ஓட்டியவன் என் தம்பிதான். தினமும் அதில் ஏறுவதற்குக் கடைசி ஆளாக ஓடி வந்தவள்தான் பிறகு அவன் பெண்டாட்டி ஆனாள். அவள் வருகிறவரைக்கும் வண்டியை எடுக்கமாட்டான். பின்சீட்டுக்காரர்கள் கத்துவார்கள். இவன் காது கேட்காதவன்போல ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டு இருப்பான்.

பிறகு பஸ் ஏலத்தில் போயிற்று. இவன் சிறுசேரிக்கு ஐ.டி. ஆட்களை ஏற்றிப்போகிற வேன் ஓட்ட வந்துவிட்டான். அவள் இன்னும் அதே ஆபீஸ்தான். போன வருஷம் ஏதோ ஒரு ஷெட்டில் அந்தப் பஸ் துருப்பிடித்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டான். பழையபடி ஆக்கி, அவளை அதில் உட்காரவைத்து வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கக் கூட்டிப்போக வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

அவளுக்கோ அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. "பேய் வண்டி" என்பாள். "வூட்டுக்காரருக்குச் சம்சாரம் நானா அதுவா?" என்பாள். கல்யாணம் பண்ணிப்பார், வீட்டைக் கட்டிப்பார் என்று சொன்னவர்கள் பஸ் ரிப்பேர் பண்ணிப்பார் என்று ஏன் சொல்லவில்லையோ! உடம்பெல்லாம் தட்டி நிமிர்த்தி, பெயின்ட் அடித்து, இன்ஜினும் உறுமத் தொடங்கியபிறகு, பின்பக்கம் மட்டும் எழவே மாட்டேன் என்றது. ஸ்டார்ட் பண்ணினால் முன்பக்கம் ஜம்மென்று தூக்கும். பின்பக்கம் டயர்மேலேயே குந்திக்கொண்டு கிடக்கும்.

ஒரு நாள் அவள் பொறுமை போய்விட்டது. தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "ஞாயித்துக்கெழம காயலான் கடைக்காரன் வர்றான். அதுக்குள்ள எழுந்து நின்னா நிக்கட்டும். இல்லாட்டி பழைய இரும்பு வெலைக்கு எடுத்துகினு போவட்டும்."

தம்பி சோறு இறங்காமல் திரிந்தான். இன்ஜினை உறுமவைத்த செங்கல்பட்டு மெக்கானிக்கையே மறுபடியும் கூட்டிவந்தான். ஜாக்கி வைத்துத் தூக்கி, பின்பக்கக் காற்றுப் பைகள் இரண்டையும் மாற்றினார்கள். ஹோஸ் எல்லாம் மாற்றினார்கள். கல்யாண வீட்டுச் சமையல்காரன் மாதிரி வாளி வாளியாகச் சோப்புத் தண்ணி கரைத்து இணைப்புகள்மேல் ஊற்றினார்கள். எங்கேயும் ஒரு குமிழி வரவில்லை. ஆனால் புஸ்ஸென்று காற்று மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலையில் இரண்டு பேரும் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு முட்டிக்கொண்டிருந்தார்கள். நான் காபி கொண்டுபோனேன். "அக்கா, அந்த டார்ச்ச கொஞ்சம் புடி" என்றான் தம்பி. எனக்கு முட்டிவலி. இருந்தாலும் திட்டிக்கொண்டே குனிந்து, சக்கரத்துக்குப் பின்னால் டார்ச்சை அடித்தேன். குப்பென்று அழுகல் வாடை. பார்த்தால் ஒரு எலுமிச்சம்பழம், வதங்கிய பச்சைமிளகாய், ஒரு கரித்துண்டு, எல்லாம் கொத்தாக நைலான் கயிற்றில் தொங்குகின்றன.

"இன்னாடா இது? ஊறுகா போடுறீங்களா?"

"திஷ்டிக்குக் கட்டினது அக்கா. அண்ணாத்த கட்டிக்கீறாரு" என்று தம்பி மெக்கானிக்கைக் காட்டினான்.

மெக்கானிக் தலையைத் தூக்கினார். "நானா? நீ கட்டினதுன்னுல்ல நான் தொடாம வேல செஞ்சுகினு கீறேன்!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாளும் அந்தக் கொத்தைச் சாமி மாதிரி சுற்றிச்சுற்றி வேலை பார்த்திருக்கிறார்கள். அதன்மேல் சோப்புத் தண்ணி படாமல் கை வைத்து மறைத்திருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "அறிவு கெட்ட முண்டங்களா, திஷ்டி கழிஞ்சுதோ இல்லியோ, இவ்ளோ சோப்புல ஊரே குளிச்சிருக்கும்" என்று கத்திக்கொண்டே கத்தரிக்கோலை எடுத்து வந்து கயிற்றை வெட்டினேன். வேறு யாரும் வெட்டத் தயாராக இல்லை.

கொத்து கீழே விழுந்ததும் மெக்கானிக் "அடப்பாவி!" என்றார். அதற்குப் பின்னால் ஒரு சின்ன வால்வு. அதிலிருந்து ஒரு கை நீண்டு, ஒரு மெல்லிய கம்பி வழியாக அச்சோடு சேர்ந்திருக்கும். வண்டி தாழ்ந்தால் கை மேலே போய்க் காற்றை உள்ளே விடும். உயர்ந்தால் கை கீழே வந்து காற்றை வெளியே விடும். முன்னே தட்டி நிமிர்த்துவதற்காக வண்டியை ஜாக்கியில் உயரமாக நிறுத்தியிருந்த நாளில், யாரோ கொத்தைத் தொங்கவிட்ட கயிற்றாலேயே அந்தக் கையைக் கீழே இருக்கிற சட்டத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஜாக்கியை இறக்கியதும் கம்பி கழன்று, கை மட்டும் கட்டுண்டு கிடந்திருக்கிறது. பஸ் வானத்துக்கே போய்விட்டதாக நினைத்துக்கொண்டு அந்த வால்வு வருகிற காற்றையெல்லாம் வெளியே தள்ளியிருக்கிறது. பாவம், அதற்கென்ன தெரியும்?

கம்பியை மாட்டி ஸ்டார்ட் பண்ணினார்கள். பின்பக்கம் மெல்ல மெல்ல எழுந்தது. நான் கைதட்டிவிட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் தட்டினேன்.

சரி, கட்டியது யார்? திரும்பினால், தம்பி பெண்டாட்டி வேலியோரம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"முன்னாடி கட்டினா தெருவே பாக்கும் அண்ணி. திட்டிக்கினே இருக்கேன், அப்புறம் இன்னா மரியாத? அதான் பின்னாடி மறைவா கட்டினேன். பழம் காய காய மாத்திகினுதான் இருந்தேன்."

"அப்போ நாளைக்கி வர்ற காயலான் கடைக்காரன்?"

"எந்தக் கடைக்காரன்? கெடு வெக்காட்டி இவரு கெழவனாகுற வரைக்கும் சொரண்டிகினே கெடப்பாரு. எனக்கு எப்பதான் அதுல ஏர்றது?"

என் தம்பி சட்டையில் கையைத் துடைத்தான், துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான். கழுதைகளா, இதை முதலிலேயே ஒருத்தருக்கொருத்தர் சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்று நான் சத்தம் போட்டேன்.

பேப்பர் வேலை முடியாமல் மெயின் ரோட்டுக்குப் போகமுடியாது. வேடந்தாங்கலும் பறவையும் அதற்கப்புறம்தான். அன்றைக்கு எங்கள் மனைப்பிரிவுக்குள்ளேயே ஒரு ரவுண்டு என்று முடிவாயிற்று. புதுப் பழம் வாங்கிவந்து, எல்லோரும் பார்க்க முன்பக்கம் கட்டினார்கள். மெக்கானிக் முன்சீட்டில் ஏறினார். நான் பின்சீட்டைப் பிடித்தேன். தம்பி ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து ஹாரன் அடித்தான்.

"இதோ வந்துட்டேன்" என்று சொல்லி வீட்டுக்குள் போனவள் புடவை மாற்றுகிறாள், தலை வாருகிறாள், ஆளைக் காணோம். பஸ் அடுப்பாகக் கொதித்தது. "எவ்ளோ நேரம்டா, வண்டிய எடு!" என்று பின்னாலிருந்து கத்தினேன்.

அவனுக்குக் காது கேட்கவில்லை. ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டு இருந்தான்.