வில் பிடித்து நின்றவர்

வெளிநாட்டுக்காரர் ஒருவர் இந்த நாட்டில் பணம் போட வந்தால், அவரைக் கண்டு பயப்படுவதற்காகச் சம்பளம் வாங்கியவள் நான். அரச சட்டவாதி என்பது பதவியின் பெயர். முதலீட்டு விண்ணப்பம் வரும். கம்பனி யாருடையது, அதன் பின்னால் யார் இருக்கிறார்கள், அது கேட்கும் காணிக்குப் பக்கத்தில் முகாமோ அணைக்கட்டோ மின்கோபுரமோ உண்டா, தேசிய பாதுகாப்புக்குப் பங்கம் வருமா என்றெல்லாம் பார்த்துக் கருத்து எழுதுவது என் வேலை. யுத்த காலம் அது. அரசாங்கத்துக்கு எல்லாவற்றின் மீதும் பயம். அந்தப் பயத்தைச் சட்ட மொழியில் எழுதிக் கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது, நான் அகப்பட்டேன்.

கண்டி அலுவலகத்தில் நான் ஒருத்திதான் தமிழ். அதிலும் பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். காலையில் வேலைக்குப் போகும் வழியில் சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டுவேன். பெயரைப் பார்த்ததும் பொலிஸ்காரரின் முகம் மாறும். உடனே அலுவலக அட்டையை நீட்டுவேன். முகம் மறுபடியும் மாறும். இந்த இரண்டு மாற்றத்துக்கும் நடுவில் என் நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்கே கேட்கும். நாட்டின் பாதுகாப்பைக் காக்கப் போகிறவள் தினமும் காலையில் கை வியர்க்க நின்றாள் என்று சொன்னால் இன்று யாரும் நம்பமாட்டார்கள்.

பெரும்பாலான கோப்புகள் சப்பென்றிருக்கும். பல்லேகல கைத்தொழில் பேட்டையில் கையுறை தைக்க ஒருவர் வருவார், பொத்தான் செய்ய இன்னொருவர் வருவார். பொத்தானால் நாட்டுக்கு என்ன ஆபத்து வந்துவிடும்? பங்கம் இல்லை என்று எழுதிவிட்டுத் தேநீர் குடிப்பேன். அந்த மின்சாரக் கம்பனியின் கோப்பையும் அப்படி நினைத்துத்தான் திறந்தேன். ஐரோப்பாக் கம்பனி. பன்விலவுக்கு மேலே, தேயிலை மலைகளுக்கு நடுவே விழும் ஓர் ஓடையில் சின்னதாக மின்நிலையம் கட்ட அனுமதி கேட்டிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் கீழே பெரிய நீர்த்தேக்கம் தெரியும். அதனால் பாதுகாப்புப் பிரிவின் அறிக்கையும் கோப்பில் சேர்ந்திருந்தது.

அறிக்கை பயங்கரமாக இருந்தது. கம்பனியின் பொறியியலாளரான வெள்ளைக்காரர் மாசி மாதம் முழுக்க அந்த ஓடை ஓடும் தோட்டத்தில் தங்கியிருந்தாராம். தோட்டத்து ஆண்கள் பொழுது பட்டபின் தீப்பந்தத்தோடு கூடினார்களாம். பறையடித்துப் பக்கத்துத் தோட்டங்களுக்குச் செய்தி அனுப்பினார்களாம். அடையாளம் தெரியாமலிருக்க முகத்தில் சாயம் பூசியிருந்தார்களாம். கடைசியில் மேட்டில் தீ மூட்டினார்களாம். வெள்ளைக்காரர் எல்லாவற்றையும் படம் பிடித்து, படச்சுருளைக் கண்டி டவுனில் கழுவக் கொடுத்திருக்கிறார். படங்களைப் பார்த்த ஸ்டூடியோக்காரர் பயந்துபோய்ப் பொலிஸுக்கு ஒரு பிரதி கொடுத்துவிட்டார்.

பாதி படிக்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது காமன் கூத்து. எங்கள் தோட்டங்களில் மாசி பிறந்தால் கம்பம் நட்டு, காப்புக் கட்டி, விரதம் இருந்து ஆடுவார்கள். மன்மதனுக்கும் ரதிக்கும் கல்யாணம் நடக்கும். மன்மதன் போய்ச் சிவபெருமானின் தவத்தைக் கலைப்பான், அவர் நெற்றிக்கண்ணைத் திறந்து அவனை எரித்துவிடுவார். அந்தத் தகனத்துக்குத்தான் தீ. ரதியாக வருகிறவரும் மீசை வழித்த ஆண்தான். செய்தி அனுப்பிய பறை, கூத்துக்கு அடிக்கும் எங்கள் தப்பு மேளம். இதைப் போய் ஆயுதப் பயிற்சி என்று எழுதியிருக்கிறார்களே என்று தனியாகச் சிரித்துக்கொண்டே படங்களைப் புரட்டினேன்.

ஒரு படத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. முகமெல்லாம் சாயம், தலையில் கிரீடம், கையில் வர்ணத்தாள் சுற்றிய வில். மன்மத வேஷம். பின்னால், தூரத்தில், அணைக்கட்டின் விளக்குகள். படத்தின் கீழே சிங்களத்தில் எழுதியிருந்தார்கள்: ஆயுதம் தாங்கியவர், அடையாளம் காணப்பட வேண்டும். அந்த ஆள் ஒரு காலில் பாரம் கொடுத்து, மற்றக் காலை வெளிப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நின்றார். சின்ன வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்த பிறகு என் அண்ணன் அப்படித்தான் நிற்பார். சாயத்தை எவ்வளவு பூசினாலும் கால் காட்டிக்கொடுத்துவிட்டது.

கோப்பை மூடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். திறப்பைக் கைப்பையில் போட்டேன். பிறகு எழுந்து போய்க் கழுவும் தொட்டியில் வாந்தி எடுத்தேன். பக்கத்துத் தோட்டத்தில் ஒருவரை 'ஒரு சின்ன விசாரணை' என்று கூட்டிப்போய் ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. அவர் மனைவி வாசலில் நின்று வேலியைப் பிடித்துக்கொண்டு பார்க்கும் பார்வை எனக்குத் தெரியும். அவசரகாலச் சட்டத்தின் ஒவ்வொரு பிரிவும் எனக்கு மனப்பாடம். அதுதான் பெரிய சனியன். தெரியாதவர்கள் பொதுவாகப் பயப்பட்டார்கள், நான் பிரிவு பிரிவாகப் பயப்பட்டேன்.

அண்ணனிடம் போய்ச் சொல்லவும் முடியாது. இரகசியக் கோப்பு கைக்கு வந்த கையோடு நான் தோட்டத்துக்குப் போனால், துப்புக் கொடுத்தவள் என்று இரண்டு பேரையும் சேர்த்துப் பிடிப்பார்கள். சந்திக் கடைக்குத் தொலைபேசி எடுத்து அவரைக் கூப்பிடச் சொன்னால் கடையில் இருக்கும் அத்தனை காதுக்கும் கதை போகும். நான் அறை எடுத்திருந்த வீட்டில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். தட்டில் சோறு அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, காய்ச்சலோ?" என்று கேட்டார். ஆம் என்றேன். அவர் கொத்தமல்லி அவித்துத் தந்தார், அதையும் குடிக்க முடியவில்லை.

கருத்து எழுத உட்கார்ந்தால் பேனா நகராது. இது வெறும் வழிபாடு, பங்கம் இல்லை என்று எழுதிவிடலாம், அது உண்மையும்கூட. ஆனால் வில் பிடித்தவர் சட்டவாதியின் அண்ணன் என்பது பின்னால் தெரிந்தால்? என் கருத்துக் குப்பைக்குப் போகும். தங்கை மூடி மறைத்தாள், அப்படியானால் மறைக்க ஏதோ இருந்திருக்கிறது என்பார்கள். சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட கோப்பு வந்தால் வாய் திறந்து சொல்லிவிட்டு விலக வேண்டும் என்பது எங்கள் விதி. சொன்னால் அண்ணனை நானே பிடித்துக் கொடுத்த மாதிரி. சொல்லாவிட்டாலும் அதே கதிதான்.

பாதுகாப்புக் குழு கூடிய நாளில் என் கதிரைக்கு எதிரே தலைவர் உட்கார்ந்திருந்தார். இராணுவ அதிகாரி, மிகவும் மரியாதையானவர். கத்துகிறவர்களைவிட மரியாதையாகப் பேசுகிறவர்களிடம்தான் எனக்கு அதிகப் பயம். அவர் அந்தப் படத்தை என் பக்கம் தள்ளி, "மிஸ் அந்தப் பக்கத்து ஆள்தானே. இவரைத் தெரியுமா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

முதலில் கூத்தைப் பற்றிச் சொன்னேன். காமன், ரதி, கம்பம், தகனம் என்று நாக்கு ஒட்ட ஒட்டச் சொன்னேன். ஒருவர் தாளில் பூப்போட்டுக்கொண்டிருந்தார். தலைவர் மட்டும் கண்ணை எடுக்காமல் கேட்டார். சொல்லி முடித்தும் அவர் பார்வை என் மேலேயே நின்றது. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "இவர் என் அண்ணன்" என்றேன்.

அவர் தன் கோப்புக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்துப் படித்தார். என் கோப்பில் இல்லாத தாள் அது.

"சொந்த அண்ணனா? ஒரே தாய்க்குப் பிறந்தவரா?"

"ஆமாம், சேர்."

"நிச்சயமாகவா?"

கூடப் பிறந்தவரைப் பற்றி இதென்ன கேள்வி என்று தோன்றியது. நிச்சயம் என்றேன். அவர் அந்தத் தாளில் ஏதோ குறித்தார். கோப்பை வேறொருவரிடம் கொடுப்பதாகவும் நான் போகலாம் என்றும் சொன்னார். வெளியே வந்தபோது கூட இருந்த ஓர் அதிகாரி என் நேர்மையைப் பாராட்டினார். பாவம், நான் பயத்தில் உளறியதை அவர் நேர்மை என்று நினைத்துவிட்டார்.

அன்று மத்தியானமே பன்வில பஸ்ஸில் ஏறினேன். இனி மறைக்க ஒன்றும் இல்லை, அண்ணனிடம் நான் சொல்லியாக வேண்டும். அவர் லயத்துக்குப் பக்கத்தில் தன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலரவில்லை, சுற்றும் முற்றும் பார்த்தார்.

"என்ன திடீர்னு வந்து நிக்கிற? லீவா?"

"அண்ணே, நீங்க காமன் வேஷம் போட்ட படம் எங்க ஒபிசுக்கு வந்துச்சி. யாருன்னு கேட்டாங்க. எங்க அண்ணன்னு சொல்லிட்டேன்."

துடைத்த கை நின்றது. "கூடப் பொறந்தவன்னா சொன்ன?"

"ஆமாண்ணே."

அவர் ஆட்டோவின் பின் சீட்டில் மெல்ல உட்கார்ந்தார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். வந்தது பயம். அண்ணன் பயந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

"போன வாரம் பொலிசுல வந்தாங்க" என்றார். "படத்த காட்டுனாங்க. நாந்தான்னு ஒத்துக்கிட்டேன், சாமி காரியந்தானே. அப்பறம் வீட்டுல யார் யாரு, கவர்மெண்டு வேலையில யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டாங்க. எனக்கு யாரும் இல்ல, கூடப் பொறந்ததுன்னு யாருமே இல்லன்னு சொல்லி கையெழுத்து வச்சிட்டேன்."

"ஏண்ணே அப்பிடிச் சொன்னீங்க?"

"ஒன் வேலைக்குக் கரைச்சல் வந்துரும்னுதான்."

தலைவர் கையில் இருந்த தாள் எது, அவர் ஏன் நிச்சயமாகவா என்று கேட்டார் என்பது அப்போதுதான் விளங்கியது. கூத்தை விளக்கிச் சொல்லலாம், கேட்கிறவர்கள் நம்பக்கூடும். ஆனால் ஒன்றும் தப்புச் செய்யாதவர், பாதுகாப்புக் கோப்புகளைப் பார்க்கும் தங்கையை எதற்கு மறைத்தார்? இதற்கு என்ன விளக்கம் சொல்வது? அந்தக் கோப்பு என்னிடமே இருந்திருந்தால் இந்தக் கேள்வியை நானேதான் எழுதியிருப்பேன். என்னைக் காப்பாற்ற அவர் பொய் சொன்னார். நான் போய் அதைப் பொய் என்று நிரூபித்துவிட்டு வந்து நின்றேன்.

அவர்கள் தேடி வருவதற்குள் நாமே பொலிஸுக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று சொன்னேன். மறுநாள் காலை அவருடைய ஆட்டோவிலேயே போனோம். வழியெல்லாம் அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். பதற்றத்தில் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று மட்டும் சொல்லுங்கள், வேறு எதுவும் பேசாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். "சரி, சரி" என்று ஓட்டிக்கொண்டே தலையாட்டினார்.

பொலிஸில் மேசைக்குப் பின்னால் வயதான சார்ஜன்ட் ஒருவர் இருந்தார். தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் லீவில் போயிருந்தார். அண்ணனுக்குக் கடைவீதிச் சிங்களம் நன்றாக வரும், அன்று ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. "மிஸ்தான் இருக்கிறீர்களே, நீங்களே சிங்களத்தில் மாற்றிச் சொல்லுங்கள்" என்றார் சார்ஜன்ட். நான் இதில் சம்பந்தப்பட்டவள், நான் மொழிபெயர்ப்பது முறையில்லை என்று சட்டம் பேசினேன். அப்படியானால் தமிழ் தெரிந்தவர் வரும்வரை இவரை உள்ளே வைக்க வேண்டியதுதான் என்றார். அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. என் சட்டம் அதோடு அடங்கிவிட்டது.

சார்ஜன்ட் பழைய வாக்குமூலத்தை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டார். தங்கை இருக்கும்போது இல்லை என்று ஏன் சொன்னாய்? நான் தமிழில் அண்ணனிடம் கேட்டேன். கேட்கும்போதே, வழியில் சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று கண்ணால் கெஞ்சினேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சார்ஜன்டைப் பார்த்தே சொன்னார்.

"அவ சரியான பயந்தாங்கொள்ளி சார். சின்னதுலருந்தே அப்பிடித்தான். என்னைய நாலு அடி அடிச்சாலும் நான் தாங்கிக்குவேன். அவள ஒரு அதட்டு அதட்டுனா செத்துருவா. அவகிட்ட யாரும் வந்து கேள்வி கேக்கக் கூடாது. அதான் எனக்குத் தங்கச்சியே இல்லன்னு சொன்னேன்."

சார்ஜன்ட் பேனாவைத் தூக்கி வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தார். வேறு எதையாவது மாற்றிச் சொல்ல அந்த ஒரு கணம் எனக்குக் கிடைத்தது. ஆனால் அதைவிட நல்ல பதிலை எந்தச் சட்டவாதியாலும் எழுதியிருக்க முடியாது. அண்ணன் சொன்னதைச் சிங்களத்தில் சொன்னேன். இவருடைய தங்கை மிகவும் பயந்தவள், யாராவது அதட்டினால் செத்துப்போவாள் என்று, யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னேன். நடுவில் குரல் இரண்டு தரம் நின்றது. சார்ஜன்ட் காத்திருந்து எழுதினார். அண்ணன் கையெழுத்து வைத்தார். மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில் நான் வைத்தேன்.

அப்படியும் அவரை விடவில்லை. மேலிடத்து உத்தரவு வரும்வரை மறியலில், காவலில் வைக்க வேண்டும் என்று உள்ளே கூட்டிப்போனார்கள். கதவருகில் நின்று அவர் திரும்பிப் பார்த்தார்.

"நீ பஸ்ஸுல போயிரு" என்றார். "ஒண்ணும் ஆகாது, பயப்படாத."